டர்போவைத் தேர்ந்தெடுக்கும் முன்: செட்டிநாட்டு வெயிலில் ஓடும் காருக்கு ஓர் எளிய விளக்கம்

காரின் ஆற்றலைக் கூட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நண்பர் தம் காரில் போட்டிருப்பது, இணையத்தில் எல்லோரும் புகழ்வது, மலிவாகக் கைக்கு வந்தது என்று ஏதோ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எஞ்சினையும் எரிபொருளையும் பிறகு அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். என் கருத்தில் இந்த வரிசையே தவறு. காரை எந்தச் சாலையில் எந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழலும்படி) ஓட்டப்போகிறோம், பக்கத்துப் பெட்ரோல் பங்கில் என்ன கிடைக்கிறது, கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும், எஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடாக இருக்கும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்த டர்போ என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் அந்த நான்காவது கேள்விதான் மற்ற மூன்றையும்விடக் கடினமானது.

விளக்கத்துக்காக ஒரே ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நம் சாலைகளில் காணக்கூடிய ஸ்கோடா ஆக்டேவியாவின் 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. பெட்ரோல் எஞ்சின், நிறுவனம் தந்தபடி 180 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது சுழற்றும் விசையும், தருவது. அந்த அளவுள்ள ஓர் எஞ்சினிலிருந்து 300 குதிரைத்திறன் வேண்டும் என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

குதிரைத்திறனைக் காற்றின் எடையாக மாற்றுதல்

எஞ்சினின் புகைவாயுவால் சுழலும் டர்பைன் சக்கரம் ஒருபுறம், அதே தண்டில் பூட்டிய கம்ப்ரசர் சக்கரம் மறுபுறம் என்பதுதான் டர்போவின் அமைப்பு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்த காலத்திலிருந்து அடிப்படைக் கருத்து மாறவில்லை. வீணாகப் போகும் வெப்பத்தையும் வேகத்தையும் கொண்டு காற்றை அழுத்தினால், அதே சிலிண்டருக்குள் அதிக எடையுள்ள காற்று புகும். காற்று அதிகமானால் அதற்கேற்ப அதிக பெட்ரோலை எரிக்கலாம். ஆகவே 300 குதிரைத்திறன் வேண்டும் என்பதன் உண்மையான பொருள், நிமிடத்துக்கு இத்தனை கிலோ காற்று வேண்டும் என்பதே.

கணக்கு கடினமானதன்று. டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் முழு ஆற்றலில் ஓடும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 250 கிராம் பெட்ரோல் செலவழியும். அப்படியானால் 300 குதிரைத்திறனுக்கு மணிக்கு 75 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 1.25 கிலோ. முழு ஆற்றலில் ஓடும்போது ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 11.5 கிலோ காற்று என்ற விகிதத்தில் வைத்தால், நிமிடத்துக்கு 14.4 கிலோ காற்று தேவைப்படுகிறது. இந்த 14.4 என்ற எண்ணைத்தான் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். குதிரைத்திறனை இனி மறந்துவிடலாம்.

அடுத்து, இந்தக் காற்றை எஞ்சின் எந்த அழுத்தத்தில் விழுங்கும் என்று பார்க்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கிறது என்பதால், 1.8 லிட்டர் எஞ்சின் 6,500 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 5,850 லிட்டர் இழுக்க வேண்டும். சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதில்லை என்பதைக் கணக்கில் கொண்டால் ஏறக்குறைய 5,380 லிட்டர். அந்தக் கொள்ளளவுக்குள் 14.4 கிலோ காற்று அடங்க வேண்டுமானால், ஒரு கன மீட்டரில் 2.68 கிலோ இருக்க வேண்டும். காற்றின் வெப்பநிலை 55 டிகிரி என்று கொண்டால், அதற்கு 2.5 பார் முழு அழுத்தம் தேவை. வெளிக்காற்றின் அழுத்தமாகிய ஏறக்குறைய 1 பாரைக் கழித்தால், பட்டறையில் எல்லோரும் ‘பூஸ்ட்’ என்று சொல்கிறார்களே, அது 1.5 பார்.

அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் குழாய்களிலும் கொஞ்சம் அழுத்தம் இழக்கப்படும். ஏர் ஃபில்டரிலும் கொஞ்சம் போகும். இரண்டையும் சேர்த்தால் கம்ப்ரசர் காற்றைச் சுமார் 2.8 மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 14.4 கிலோ, 2.8 மடங்கு அழுத்தம் என்ற இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், டர்போ தயாரிப்பாளர் வெளியிடும் கம்ப்ரசர் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். வரைபடத்தின் கிடைக்கோட்டில் காற்றின் அளவும், நெடுக்கோட்டில் அழுத்த விகிதமும் இருக்கும். நடுவில் தீவுகள்போல் வரைந்திருக்கும் வளையங்கள் கம்ப்ரசரின் திறனைக் காட்டுகின்றன. நம் புள்ளி 70 சதவீதத்துக்கு மேற்பட்ட தீவு ஒன்றுக்குள் விழ வேண்டும். வலது ஓரத்தில் விழுந்தால் அந்த டர்போ மூச்சுத்திணறி வெறும் சூட்டைத்தான் உற்பத்தி செய்யும்.

பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. கேரட் நிறுவனத்தின் ஜி25-550 என்ற டர்போவில் வரும் 550, அது தாங்கக்கூடிய உச்ச வரம்பைக் குறிக்கிறது. அதைப் பொருத்திய எந்த எஞ்சினும் அவ்வளவு தரும் என்று பொருளில்லை.

இரண்டாவது புள்ளி

ஒரே புள்ளியை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அடிக்கடி காணும் குறை. 6,500 ஆர்.பி.எம். என்பது ஓட்டுகிறவர் எப்போதாவது தொடும் இடம். காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்கோ, திருப்பத்தூர் வழியாக மதுரைக்கோ போகிறவருக்கு உண்மையில் வேண்டியது, ஐம்பதில் போகும் அரசுப் பேருந்தைத் தாண்டி எண்பதுக்கு வந்து மறுபடி தன் பக்கம் சேர்வதற்கான இழுவை. அது 2,500 முதல் 4,000 ஆர்.பி.எம்.முக்குள் கிடைக்க வேண்டும். ஊருக்கு ஊர் வேகத்தடை, திருப்பத்தில் ஆட்டு மந்தை, கோயில் வாசலில் கூட்டம் என்று வேகம் குறைந்து குறைந்து ஏறும் சாலைகளில், 4,500க்கு மேல்தான் விழித்துக்கொள்ளும் டர்போ ஓட்டுகிறவருக்குச் சலிப்பைத்தான் தரும். அதைவிட மோசம், எதிரே வண்டி வரும்போது ஆற்றல் தாமதமாக வந்து மொத்தமாக இறங்குவது, அது ஆபத்து.

எனவே 3,000 ஆர்.பி.எம்.முக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அங்கே 1 பார் பூஸ்ட் எதிர்பார்த்தால், நம் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 5 கிலோ காற்றுதான் எடுக்கும். கம்ப்ரசர் வரைபடத்தின் இடது எல்லையில் ‘சர்ஜ்’ கோடு ஒன்று இருக்கும். அதற்கு இடப்புறம் போனால், கம்ப்ரசர் தள்ளும் காற்றை எஞ்சின் வாங்காமல் காற்று திரும்பி அடிக்கத் தொடங்கும். அந்தப் படபடப்பு ஓசையைச் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். தண்டும் பேரிங்கும் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். முதல் புள்ளி தீவுக்குள்ளும், இரண்டாவது புள்ளி சர்ஜ் கோட்டுக்கு நன்கு வலப்புறமும் இருக்கும் டர்போக்களில் மிகச் சிறியது எதுவோ அதையே எடுக்க வேண்டும் என்பது தெருவில் ஓடும் காருக்கு நான் சொல்லும் விதி. எதிர்காலத்தில் நானூறு, ஐந்நூறு என்று போகலாம் என இப்போதே பெரிதாக வாங்கி வைக்கிறவர், அந்த எதிர்காலம் வரும்வரை ஒவ்வொரு நாளும் மந்தமான காரைத்தான் ஓட்டுவார்.

டர்பைன் பக்கத்தில் பார்க்க வேண்டியது ‘ஏ/ஆர்’ எனப்படும் விகிதம். நத்தை ஓடுபோல் வளைந்திருக்கும் கூட்டின் குறுக்குப் பரப்புக்கும், அதன் மையத்திலிருந்து தண்டுக்கு உள்ள தூரத்துக்கும் இடையிலான விகிதம் அது. சிறிய எண் என்றால் புகைவாயு வேகமாகச் சக்கரத்தில் மோதும், பூஸ்ட் சீக்கிரம் வரும்; ஆனால் மேல் ஆர்.பி.எம்.மில் புகை வெளியேற வழியின்றி எஞ்சினுக்குள்ளேயே தேங்கும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு எனக் கடந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் கதவுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்கதவை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும், பின்கதவு ஒருக்களித்திருந்தால் காற்று ஓடாது. அப்படித் தேங்கிய சூடான புகை அடுத்த சுற்றுக்கான புதுக் காற்றோடு கலந்துதான் பல எஞ்சின்களில் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டுவது, தொடங்குகிறது. டர்போவுக்கு அடுத்து வரும் டவுன்பைப்பை அகலப்படுத்துவதால் ஆற்றல் கூடுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் அந்தச் சாக்கில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அது சட்டமீறல், சுற்றியிருப்பவர்களின் மூச்சுக்கும் தீங்கு. வாயு எளிதாகப் போகும் தரமான கேட்டலிடிக் கன்வெர்ட்டர்கள் கிடைக்கின்றன.

பால் பேரிங் உள்ள டர்போ சற்று முன்னதாகச் சுழலத் தொடங்கும், விலை கூடுதல். சாதாரண ஜர்னல் பேரிங்கும் நன்றாகவே உழைக்கும். முதல் முறை செய்கிறவர், அந்த விலை வித்தியாசத்தை இன்டர்கூலரில் போடுவதே நல்லது.

வெயில் எடுத்துக்கொள்ளும் பங்கு

பதினைந்து டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.22 கிலோ. சித்திரை, வைகாசியில் இங்கே நாற்பதைத் தொடும்போது அது 1.13 கிலோவாகக் குறைகிறது. எட்டு சதவீதம் தொடங்கும் முன்னரே போய்விட்டது. குளிர்நாடுகளில் ஓட்டிப் பார்த்து எழுதப்பட்ட ஆற்றல் எண்களை இங்கே எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அதைவிடப் பெரிய செய்தி, அழுத்தினால் காற்று சூடாகும் என்பது. நாற்பது டிகிரிக் காற்றை 72 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் 2.8 மடங்கு அழுத்தினால், வெளியே வரும்போது அது ஏறக்குறைய 190 டிகிரியில் இருக்கும். அதே வேலையை 60 சதவீதத் திறனில் திணறும் சிறிய கம்ப்ரசர் செய்தால் 220ஐ நெருங்கும். இதைக் குளிர்விப்பது இன்டர்கூலரின் பொறுப்பு. ஏறிய வெப்பத்தில் 90 சதவீதத்தை வெளியேற்றும் நல்ல இன்டர்கூலர் 190ஐ 55க்குக் கொண்டுவரும். 70 சதவீதம் மட்டும் செய்யும் சிறிய இன்டர்கூலர் 85இல் நிறுத்திவிடும். இந்த முப்பது டிகிரியால் அதே பூஸ்ட்டில் காற்றின் எடை எட்டு சதவீதம் குறையும். 300இல் ஏறக்குறைய 25 குதிரைத்திறன் காணாமல் போகும். சூடான காற்றால் நாக்கிங் வந்து, எஞ்சின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தத் தொடங்கினால் இழப்பு இன்னும் கூடும். நம் ஊரில் டர்போவுக்கு ஒதுக்கும் அதே கவனத்தையும் ஏறத்தாழ அதே பணத்தையும் இன்டர்கூலருக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சிக்கல் புதியதும் அன்று. அமெரிக்காவில் 1962இல் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவுடன் வந்த முதல் கார்களில் ஒன்று. அதில் நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து காற்றோடு தெளித்தார்கள். இன்றும் மெத்தனால் தெளிப்பான் பொருத்துகிறவர்கள் உண்டு. ஆனால் தொட்டி வற்றினால் பூஸ்ட்டைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இல்லாமல் அதை நம்பி டியூன் செய்வது (எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றுவது) எஞ்சினைப் பணயம் வைப்பதாகும்.

இன்டர்கூலரை வாங்கும்போது தடிமனைவிட, எதிர்க்காற்று படும் முகப்பரப்பைப் பாருங்கள். முன் பம்பருக்குப் பின்னால் அதை வைத்தால் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் வரும் காற்று குறையும். மே மாதம் ஏ.சி. போட்டுக்கொண்டு காரைக்குடி பேருந்து நிலையத்துப் பக்கம் நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் வெப்பம் ஏறினால், அங்கே இடம் போதவில்லை என்று பொருள். விளிம்புகளில் ஃபோம் பட்டை வைத்து, உள்ளே வரும் காற்று பக்கவாட்டில் நழுவாமல் அடைப்பது செலவில்லாத வேலை. பலரும் இதைச் செய்வதில்லை.

பெட்ரோல், இன்ஜெக்டர், பம்ப்

நாக்கிங்கை அதிகம் தாங்கும் நூறு ஆக்டேன் பெட்ரோல் பெரிய நகரங்களில் சில பங்குகளில் கிடைக்கிறது என்பதற்காக அதற்கு டியூன் செய்துவிட்டு, ஊரில் சாதாரணப் பெட்ரோல் போட்டு ஓட்டக் கூடாது. வழக்கமாக நிரப்பும் பங்கில் என்றும் கிடைப்பது எதுவோ, அதுவே டியூனின் அடிப்படை. இப்போது பரவலாக வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு நன்மையும் ஒரு தேவையும் உண்டு. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும். ஆனால் முழு எரிதலுக்கு ஒரு கிலோ தூய பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்றால், இந்தக் கலவைக்கு 13.5 கிலோதான். அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் செலுத்த வேண்டும்.

மணிக்கு 75 கிலோ என்ற நம் கணக்கை நான்கு சிலிண்டருக்கும் பிரித்தால், பெட்ரோலைத் தெளிக்கும் ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 420 சி.சி. தர வேண்டும். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதையும் எத்தனால் பங்கையும் சேர்த்தால் 550 சி.சி. இன்ஜெக்டர் வேண்டும். பம்ப் மணிக்கு 110 லிட்டர் தர வேண்டும். ஆனால் அதை 3 பார் அழுத்தத்தில் தந்தால் போதாது, 1.5 பார் பூஸ்ட்டையும் எதிர்த்து 4.5 பாரில் தர வேண்டும். பம்பின் பெட்டியில் அச்சிட்ட எண் எந்த அழுத்தத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள். நம் எடுத்துக்காட்டு எஞ்சினைப்போல் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் செலுத்தும் வகையில், இந்த இன்ஜெக்டர் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே எஞ்சினால் இயங்கும் உயர் அழுத்தப் பம்பின் கொள்ளளவே முதலில் தட்டுப்படும்.

தாங்கும் பகுதிகள்

6,500 ஆர்.பி.எம்.மில் 300 குதிரைத்திறன் என்றால் அங்கே டார்க் ஏறக்குறைய 325 நியூட்டன் மீட்டர், நடு ஆர்.பி.எம்.மில் அது 350ஐத் தாண்டும். அந்த ஆக்டேவியாவில் வரும் ஏழு வேக, உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் தானியங்கி) கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டருக்கென வடிவமைக்கப்பட்டது. இந்த ஒரே வரியைப் படித்த பிறகு 300 என்ற இலக்கை 220ஆகக் குறைத்துக்கொள்கிறவரை நான் மனமாரப் பாராட்டுவேன். அவருக்குப் புது டர்போவே தேவைப்படாமல் போகலாம். மேனுவல் கியர் உள்ள காரில் வலுவான கிளட்ச் போட்டுச் சமாளிக்கலாம். டியூனர் கீழ் ஆர்.பி.எம்.மில் பூஸ்ட்டைச் சற்றுத் தாழ்த்திவைத்தால் பிஸ்டனின் விசையைக் கிராங்க் தண்டுக்குக் கடத்தும் கனெக்டிங் ராடுகளும் பிழைக்கும். அவற்றை வளைப்பது 6,000இல் வரும் குதிரைத்திறனைவிட 2,500இல் திடீரென இறங்கும் டார்க்தான்.

பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் நல்ல டயரும் இந்தச் செலவின் பகுதியே. அவற்றுக்குப் பணம் மிஞ்சவில்லை என்றால் டர்போவுக்கும் பணம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் பதிவுசெய்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. முழு ஆற்றலையும் பார்க்க இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடமும் கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. தேவகோட்டைச் சாலை அதற்கான இடமன்று.

தூசி, எண்ணெய், கிளாம்பு

திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் வைப்பது இங்கே இரட்டைத் தவறு. அது எஞ்சினின் சூட்டையே மறுபடி உறிஞ்சும். செம்மண் தூசியையும் எளிதாக உள்ளே விடும். பழைய டர்போ வாங்குகிறவர்கள் கம்ப்ரசர் இறக்கைகளின் விளிம்பை விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளதில் விளிம்பு மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும். தூசி தின்றதில் மொட்டையாகி, பொடி மணல் ஒட்டியதுபோல் சொரசொரக்கும். பிறகு தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஜர்னல் பேரிங்கில் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு, எண்ணெய் வந்தால் அது நிரம்பிவிடும். நீளவாக்கில் கையால் உணரும்படி ஆட்டம் இருந்தால் அதை வாங்காதீர்கள். நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல் சுழலும் தண்டில் அந்த ஆட்டம், சக்கரத்தைக் கூட்டின் சுவரில் உரசவிடும்.

எண்ணெய் திரும்பும் குழாய் அகலமாகவும் எங்கும் மடங்காமலும் டர்போவிலிருந்து நேராகக் கீழிறங்க வேண்டும். அது புவியீர்ப்பால் மட்டுமே வடிகிறது. சற்று மேலேறி வளைந்தாலும் எண்ணெய் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, நீலப்புகை வரும். நல்ல டர்போவைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கழற்றுபவர்களில் பலர் பார்க்கத் தவறுவது இந்தக் குழாயைத்தான். வேகமாக ஓட்டி வந்தவுடன் எஞ்சினை அணைத்தால், பேரிங்கில் நின்ற எண்ணெய் கருகிக் கரியாகும் என்பதால், கடைசி ஓரிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவது நல்லது.

எல்லாம் பொருத்திய பின், டியூனுக்கு முன், காற்றுக் கசிவைச் சோதிக்க வேண்டும். டர்போவின் வாயை அடைத்து, பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலிருந்து 1 பார் காற்றை உள்ளே செலுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், எந்த கிளாம்பு சரியாக இறுகவில்லை என்பதை நுரை காட்டிக்கொடுக்கும். பிறகு புகையிலுள்ள காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மானி பொருத்தி, ஆற்றலை அளக்கும் டைனோவில் வைத்து டியூன் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக, இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டராக இருக்கட்டும். அதிக பூஸ்ட்டில் அகலமான இடைவெளியைத் தீப்பொறியால் தாண்ட முடியாது. டைனோவுக்கு விடியற்காலையில் போகாமல் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய், அடுத்தடுத்து மூன்று ஓட்டம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஓட்டத்தில் உள்ளே போகும் காற்றின் வெப்பம் எவ்வளவு, கணினி எத்தனை டிகிரி தீப்பொறியைப் பின்வாங்குகிறது என்ற பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தின் குதிரைத்திறனைவிட அந்தப் பதிவை வைத்தே பூஸ்ட்டை எங்கே நிறுத்துவது என்று டியூனரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.